சமர்த்துப் பிள்ளை

தங்கைக்குப் பெண் பிறந்து ஆறாம் நாள். 35 வாரத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டவள், எடை 2.1 கிலோ. ஆசுபத்திரியில் இருந்த நான்கு நாளும் அழுது வார்டையே கூட்டியவள், வீட்டுக்கு வந்த மறுநாளே அடங்கிப்போனாள். காலையிலிருந்து தூக்கம்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டு, "அழவே மாட்டேங்குது, சமர்த்து" என்றார்கள். "மாமன் வீட்டு வாசனை பிடிச்சுப்போச்சு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நானும் பெருமையாகச் சிரித்துவைத்தேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

தங்கைக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்கிறது. "அண்ணே, விடியக்காலைல குடிச்சவ. மணி பதினொண்ணு ஆச்சு. வாயில வச்சா சப்பவே மாட்டேங்குறா" என்றாள். அம்மா புறங்கையால் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. "காய்ச்சல் இல்லடி. வெயில் நேரம், அசந்து தூங்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தங்கை கேட்கவில்லை. பிரசவ உடம்போடு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள். வேறு வழியில்லாமல் ஆட்டோ பிடித்தேன்.

குழந்தைகள் டாக்டரம்மா துணியை விலக்கி, உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். பிறந்த குழந்தை அதற்கு வீறிட்டு அழ வேண்டும். இவள் காலை லேசாக இழுத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துவிட்டு, மறுபடி தூங்கிப்போனாள். தெர்மாமீட்டர் 95 டிகிரிக்கும் கீழே காட்டியது. டாக்டரம்மா இரண்டாவது முறை சுண்டவில்லை. நர்ஸைக் கூப்பிட்டார். பத்து நிமிடத்துக்குள் குழந்தை உள்ளே, நாங்கள் வெளியே. ரத்தம் எடுத்தார்கள், முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள், இரண்டு ஆன்டிபயாடிக் ஏற்றத் தொடங்கினார்கள். எந்த ரிப்போர்ட்டும் வரும் முன்பே.

"ரத்தத்துல கிருமி ஏறியிருக்குன்னு நினைக்கிறேன். செப்சிஸ்" என்றார்.

"காய்ச்சலே இல்லையே டாக்டர்?"

"வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். நீங்க நேத்தே கூட்டிட்டு வந்திருப்பீங்க."

நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறவன். கிருமியோடு ஒட்டி அதை மடக்கும் எதிர்ப்பான்கள் (ஆன்டிபாடி) ஐந்து வகை, அதில் ஐஜிஜி மட்டும் நஞ்சுக்கொடியைத் தாண்டும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். இரண்டு மதிப்பெண் கேள்வி. 'எது தாண்டும்' என்பதோடு நானும் நிறுத்தினேன், பிள்ளைகளும் நிறுத்தினார்கள். 'எப்போது தாண்டும்' என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஐசியு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் அது எனக்கே தோன்றியது. பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். இந்தப் பதிவு அந்தப் படிப்பின் மிச்சம்.

முதலில் காய்ச்சல். அதைக் கிருமி உண்டாக்குவதில்லை, நம் உடம்புதான் உண்டாக்குகிறது. கிருமியைக் கண்ட வெள்ளையணுக்கள் சைட்டோகைன் என்ற ரசாயனச் சேதிகளை அனுப்புகின்றன. மூளை அதைக் கேட்டு உடம்பின் சூட்டை ஏற்றுகிறது. பிறந்த குழந்தையின் வெள்ளையணுக்கள் அந்தச் சேதியை அடக்கித்தான் சொல்லும். சூட்டை உண்டாக்கிப் பிடித்து வைக்கும் சக்தியும் அந்தச் சின்ன உடம்பில் குறைவு. அதனால் நோய் முற்றும்போது சூடேறுவதற்குப் பதிலாகக் குழந்தை குளிர்ந்துபோகலாம். அம்மாவின் புறங்கை சரியாகத்தான் சொன்னது, நாங்கள்தான் தப்பாகப் புரிந்துகொண்டோம்.

அடுத்தது, அந்த இரண்டு மதிப்பெண் விஷயம். தாயின் ஐஜிஜி, கர்ப்பத்தின் நான்காம் மாதவாக்கிலேயே நஞ்சுக்கொடி வழியாகச் சொட்டத் தொடங்குகிறது. ஆனால் 17 முதல் 22 வாரத்தில் குழந்தையிடம் இருப்பது தாயின் அளவில் 5 முதல் 10 சதவீதம்தான். 30 வாரத்தை ஒட்டி ஏறத்தாழ பாதி. நிறைமாதத்தில் தாயிடம் இருப்பதைவிடவும் கூடுதலாகவே சேர்ந்துவிடுகிறது. அதாவது கடைசி இரண்டு மாதம்தான் அறுவடைக் காலம். ஒரு மாதம் முன்னால் பிறந்த எங்கள் குட்டி, களத்தில் நெல் கிடக்கும்போதே கிளம்பி வந்துவிட்டவள். வாங்கி வந்ததும் கடன் கணக்குதான். ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் கரைந்துகொண்டே போகும்.

இன்னொரு வகையான ஐஜிஎம் தாண்டுவதே இல்லை. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல்வாசிப் பாக்டீரியாக்களை மடக்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஐஜிஜியிலும் உள்வகைகள் இருக்கின்றன. சர்க்கரைக் கூடு போர்த்திய பாக்டீரியாக்களை அடையாளம் காட்டும் இரண்டாவது வகை, முதல் வகை அளவுக்குத் தாராளமாகக் கடப்பதில்லை. அந்தச் சர்க்கரைக் கூட்டுக்கு எதிராகக் குழந்தையின் உடம்பு தானே எதிர்ப்பான் செய்யலாம்தானே என்றால், அந்தத் திறமை ஒழுங்காக வர இரண்டு வயது ஆகிறது.

எதிர்ப்பான் இல்லாவிட்டாலும் சண்டைக்காரர்களான நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் உண்டே? உண்டு. பிறந்த முதல் நாள் ரத்தத்தில் எண்ணிப் பார்த்தால் ஏராளமாகவே இருக்கும். ஆனால் எலும்பு மஜ்ஜையில் கையிருப்பு குறைவு. பெரிய தொற்று வந்தால் இருப்பதெல்லாம் செலவாகி, பின்னால் அனுப்ப ஆளில்லாமல் போய்விடும். செப்சிஸ் வந்த குழந்தைக்கு வெள்ளையணு எண்ணிக்கை சரிந்தால் டாக்டர்களின் முகம் மாறுவது இதனால்தான். இருக்கிற நியூட்ரோபில்களுக்கும் ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்து நின்று, இடுக்கில் நுழைந்து, கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதில் தடுமாற்றம். பாக்டீரியாவின் மேல் ஒட்டி அதை ஓட்டை போடும் காம்ப்ளிமெண்ட் புரதங்கள் பல, பெரியவர்களின் அளவில் ஏறத்தாழ பாதிதான். ஓட்டையைப் போட்டு முடிக்கும் கடைசிப் புரதம் அதிலும் மிகக் குறைவு. ஆக, கிருமி ஒரு விரலில் நுழைந்தால் அந்த விரலிலேயே மறித்து நிறுத்தும் ஏற்பாடு இல்லை. நேராக ரத்தத்துக்கு வருகிறது. அங்கிருந்து மூளை உறைக்கும் போகக்கூடும். முதுகில் ஊசி போட்டது அதைப் பார்க்கத்தான். தங்கை அதற்குத்தான் மிகவும் அழுதாள்.

இவ்வளவையும் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இதயம் பிறக்கும்போதே தயார். நுரையீரல் ஒரு மூச்சில் தயார். இது மட்டும் ஏன் அரைகுறை? நம் ஊரில் பச்சைப்பிள்ளை, பச்சை மண் என்கிறோம். மருத்துவப் புத்தகங்களும் அதே பொருளில் 'முதிராத' என்கின்றன. பழுக்காத காய் என்பது மட்டும்தான் காரணம் என்றால், பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகப் போடும் பிசிஜி ஊசி வேலையே செய்யக் கூடாது. ஆனால் அதற்குக் கைக்குழந்தையின் உடம்பு பெரியவர்களைப் போலவே கச்சிதமாகப் பதில் சொல்கிறது. திறமை உள்ளேதான் இருக்கிறது. அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

யார் அடக்கியது? 1953-இல் பிரிட்டன் விஞ்ஞானி பீட்டர் மெடவார் கேட்ட கேள்வி இதற்கு மிகவும் பக்கத்தில் வருகிறது. பாதி மரபணு தகப்பனுடையது, எனவே தாயின் உடம்புக்குக் கரு ஓர் அந்நியன், அதை எப்படிப் பத்து மாதம் பொறுத்துக்கொள்கிறது என்று கேட்டார். அதே ஆண்டு பில்லிங்ஹாம், பிரென்ட் ஆகியோருடன் சேர்ந்து, பிறக்காத எலிக்குட்டிகளுக்கு வேறு இன எலியின் செல்களை ஊசியில் செலுத்திப் பார்த்தார். வளர்ந்த பிறகு அவை அந்த இனத்தின் தோலை ஒட்டினால் ஏற்றுக்கொண்டன. 1960-இல் நோபல் பரிசு. மெடவாரின் கேள்வியைத் திருப்பியும் போடலாம். குழந்தைக்கும் தாய் பாதி அந்நியம்தானே? கருவின் நிணநீர்க் கணுக்களுக்குள்ளேயே தாயின் செல்கள் வந்து குடியிருப்பதையும், அவற்றை எதிர்க்காமல் இருக்கக் கருவின் உடம்பு அடக்கும் செல்களை உருவாக்குவதையும் 2008-இல் கண்டார்கள். உள்ளே இருந்துகொண்டே தாயோடு சண்டை பிடிக்காமல் இருக்க வேண்டுமே!

பிறந்த பிறகு இன்னொரு நெருக்கடி. அதுவரை அனேகமாகக் கிருமியே பாராத குடலுக்குள் சில நாட்களில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடிவருகின்றன. பெரும்பாலும் நல்லவை, வாழ்நாள் முழுக்க வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் சண்டைக்குப் போனால் குடலே ரணமாகிவிடும். அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஒரு குழு எலிக்குட்டிகளை வைத்து இதைச் சோதித்து 2013-இல் வெளியிட்டது. முதலில், வளர்ந்த எலியின் எதிர்ப்பு செல்களைக் குட்டிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படியும் கிருமித் தொற்றிலிருந்து குட்டி தப்பவில்லை. வீரனைக் கொண்டுவந்து விட்டாலும் அந்த ஊரில் அவனும் அடங்கித்தான் போனான். அடக்கியது யாரென்று பார்த்தால், சிவப்பணுவாக முதிரப்போகும் ஒருவகை இளம் செல்கள். அவற்றைக் குறைத்ததும் குட்டிகள் லிஸ்டீரியா, ஈ.கோலை தொற்றை நன்றாகத் தாக்குப்பிடித்தன. கூடவே, குடலில் குடியேறிய பாக்டீரியாக்களுக்கு எதிராக அழற்சியும் கிளம்பியது. எலியில் கண்டது எல்லாம் மனிதக் குழந்தைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் எனக்கு அந்த ஆய்வைப் படித்த பிறகு கோபம் இறங்கியது. கதவைத் திறந்து வைத்திருப்பது விருந்தாளிகளுக்காக. திருடனும் அதே வழியில் வருகிறான்.

தாயின் கடன் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி, 1976-இல் கரோல் பேக்கரும் டென்னிஸ் காஸ்பரும் எழுதிய ஒரு சிறிய கட்டுரை. அமெரிக்காவில் அப்போது பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா பிறந்த குழந்தைகளை வாரிக்கொண்டிருந்தது. பல பெண்களின் உடம்பில் தொந்தரவு தராமல் இருப்பதுதான். ஒரே பாக்டீரியா இருந்தும் சில குழந்தைகளுக்கு மட்டும் ஏன் நோய்? தாய்மார்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். நோய் வந்த குழந்தைகளின் தாய்மாரிடம் அந்தப் பாக்டீரியாவின் சர்க்கரைக் கூட்டுக்கு எதிரான எதிர்ப்பான் போதவில்லை. தாயிடம் இல்லாததைத் தாய் எப்படிக் கொடுப்பாள்? பின்னால் 1990-களில், பாக்டீரியா உள்ள பெண்களுக்குப் பிரசவ வலி நேரத்தில் பென்சிலின் கொடுக்கும் முறை வந்தது. முதல் வாரத் தொற்று அங்கே 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

அவ்வளவு தூரம் போவானேன். எங்கள் அம்மாச்சிக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டும் எட்டாம் நாளை ஒட்டி, வாய் கிட்டிப்போய்ப் பால் குடிக்க முடியாமல், வெட்டு வந்து போயினவாம். ஏதோ தோஷம் என்று ஊரில் சொன்னார்கள். அது ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். கொடியறுத்த கத்தியிலோ, தொப்புளில் அப்பிய சாம்பலிலோ வந்திருக்கும். அம்மா தங்கையைச் சுமந்தபோது கையில் போட்ட டெட்டனஸ் ஊசி அம்மாவுக்காக மட்டும் போட்டதல்ல. அதனால் ஊறிய ஐஜிஜி கொடி வழியாக உள்ளே போகவேண்டும் என்பதும் கணக்கு. தாய் சேய் ரணஜன்னி இந்தியாவில் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஒப்புக்கொண்டது. அம்மாச்சியிடம் இதை யாரும் விளக்கியிருக்கவில்லை. தோஷம் கழிந்துவிட்டது என்றுதான் கடைசிவரை நம்பினாள்.

கொடியை அறுத்த பிறகு கடன் வாங்க இன்னொரு வழி, சீம்பால். மஞ்சளாக, கொழகொழவென்று வரும் அந்த முதல் பாலைக் கறந்து கீழே ஊற்றும் வழக்கம் எங்கள் பக்கத்திலும் இருந்தது. அதில் ஐஜிஏ எதிர்ப்பான் மண்டிக் கிடக்கிறது. ரத்தத்துக்குள் போகாது, குடல் சுவரில் பூச்சாக நின்று காவல் காக்கும். தாயின் குடலில் பயிற்சி பெற்ற செல்கள் அவள் மார்புக்கு வந்து அதைச் செய்கின்றன. எனவே அது அவள் சாப்பிடும், புழங்கும் அதே வீட்டின் கிருமிகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. பால் ஊட்டுவதால் எதிர்ப்பு கடத்தப்படுகிறது என்பதை ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் 1892-லேயே எலிகளில் காட்டிவிட்டார். இங்கே நாம் சீம்பாலை ஊற்றிவிட்டு, சேனை என்று தேனையோ சீனித்தண்ணியையோ குழந்தை நாக்கில் தடவுகிறோம். தேனில் பொட்டுலிசம் கிருமியின் விதைகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் முளைக்காதவை, பாக்டீரியாக்கள் இன்னும் நிலைகொள்ளாத குழந்தைக் குடலில் முளைத்துவிடும். தங்கையின் மாமியார் சேனைக்குக் கேட்டபோது, "அத்தை, ஒரு வருஷம் போகட்டும்" என்று சொல்லிச் சமாளித்தேன். முகம் சுருங்கிப்போயிற்று. அதே அத்தைதான் தீட்டு என்று சொல்லி, 16 நாள் யாரையும் குழந்தையைத் தூக்கவிடக் கூடாது என்றார். அதை நாங்கள்தான் நாகரிகம் பேசி மீறினோம். யாரைக் குறை சொல்ல?

ஐசியுவில் தங்கையை மட்டும் பாலூட்ட உள்ளே விடுவார்கள். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழற்ற வேண்டும். முழங்கை வரை சோப்பு. ஒருநாள் நான் வாசலில் நின்று அவள் கழுவுவதைப் பார்த்தேன். விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று பூசைக்குப் பாத்திரம் துலக்குவதுபோல. மூன்றாம் நாள், ரத்தத்திலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. கிளெப்சியெல்லா. ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு மருந்துக்கும் அது மசியவில்லை. மருந்தை மாற்றினார்கள். எங்கிருந்து வந்தது என்று நான் டாக்டரம்மாவைத் துளைத்துக்கொண்டே இருந்தேன். பிரசவ வார்டா, வீடா, எங்களில் ஒருவர் கையா? "அத இனிமே கண்டுபிடிக்க முடியாது சார்" என்றார். டெல்லியில் மூன்று பெரிய ஆசுபத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சேர்ந்த 13,530 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2016-இல் வந்தது. அங்கே கிடைத்த கிருமிகளில் முதல் மூன்று அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை. அமெரிக்கப் புத்தகத்தில் முதலிடத்தில் இருக்கும் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இந்த மூன்றில் இல்லை. கிளெப்சியெல்லாவில் பாதிக்கு மேல் பல மருந்துகளுக்கு அடங்காதவை. மெடிக்கல் கடையில் சளிக்கும் இருமலுக்கும் நாம் கேட்டு வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக்கிற்கு இதில் பங்கில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. நானும் வாங்கியிருக்கிறேன்.

இந்தப் படிப்பில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கட்சிரோலி. மகாராஷ்டிராவின் காட்டுப் பகுதி. டாக்டர் தம்பதி அபய் பங்கும் ராணி பங்கும் அங்கே 39 கிராமங்களில், அதிகம் படிக்காத பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாகப் பச்சைக்குழந்தைகளைப் பார்க்க அனுப்பினார்கள். செப்சிஸ் என்று தோன்றினால் அந்தப் பெண்களே வீட்டில் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போடலாம். மூன்றாம் வருடத்தில், இந்த ஏற்பாடு இல்லாத பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டால், பிறந்த ஒரு மாதத்துக்குள் நேரும் மரணம் 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. ரத்தப் பரிசோதனை இல்லாமல் எதை வைத்து முடிவு செய்தார்கள்? பின்னால் அவர்கள் தொகுத்த அறிகுறிகளைப் பார்த்தேன். முன்பு நன்றாக அழுத குழந்தை அழுகை குறைந்தோ நின்றோ போவது. முன்பு நன்றாகக் குடித்தது சப்பாமல் போவது. மந்தமாகக் கிடப்பது. உடம்பு சூடாவது, அல்லது குளிர்ந்துபோவது. இன்னும் மூன்று உண்டு. ஏழில் ஏதேனும் இரண்டு சேர்ந்தால் செப்சிஸ் என்று எடுத்துக்கொள். எங்கள் வீட்டில் அன்று காலை நான்கு இருந்தன. தங்கைக்கு அந்தப் பட்டியல் தெரியாது. 'முன்பு' எப்படி இருந்தாள் என்பது தெரியும்.

ஒடிசாவிலும் ஒன்று நடந்திருக்கிறது. கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் என்ற நல்ல பாக்டீரியாவை அதற்கு வேண்டிய சர்க்கரையோடு ஏழு நாள் கொடுத்தார்கள். விருந்தாளிகளை நாமே தேர்ந்தெடுத்து முதலில் உட்கார வைக்கிற யோசனை. செப்சிஸோ மரணமோ நேர்ந்தவர்கள் 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தார்கள். 2017-இல் வந்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் விற்கும் பொட்டலத்தை வாங்கிக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. குறைமாதக் குழந்தைக்கு ஆபத்தாகவும் முடியலாம்.)

பதினான்கு நாள் மருந்து ஏறியது. ஒன்பதாம் நாள் நர்ஸ் வெளியே வந்து, "உங்க பாப்பா பயங்கரமா கத்துது, கேக்குதா?" என்றார். அந்தச் சத்தத்துக்கு வராந்தாவில் யாரும் எங்களை முறைக்கவில்லை.

அவளுக்கு இப்போது நான்கு வயது. ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை. போன மாதம் சொந்தத்தில் ஒரு குழந்தை பிறந்து, பார்க்கப் போயிருந்தோம். தூளியில் அசையாமல் கிடந்தது. "ராத்திரி முழுக்க ஒரு சத்தம் இல்ல சித்தி, அவ்வளவு சமர்த்து" என்றாள் அந்தப் பெண். அம்மா கொண்டுபோன பழப் பையைக் கீழே வைத்தாள். தூளித் துணியை விலக்கினாள். உள்ளங்காலில் ஒரு சுண்டு.

குழந்தை வீறிட்டது. அந்தப் பெண் பதறிப்போய், "ஏன் சித்தி!" என்றாள்.

அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. "கடைசியா எப்போ பால் குடிச்சுச்சு?" என்று கேட்டாள்.